மோந்தாயூ: இருநூறு பேரும் ஒரு பிஷப்பும்

சில வருடங்களுக்கு முன்னால் அலுவலகத்தில் ஒரு பிழையைத் துரத்திக்கொண்டிருந்தேன். பிரெஞ்சு வாடிக்கையாளர் ஒருவருக்கான வேலை. அந்த நாட்டின் அத்தனை கம்யூன்களும் மக்கள்தொகையோடு ஓர் அட்டவணையில் இருந்தன. கம்யூன் என்பது பிரெஞ்சு நிர்வாகத்தின் கடைசிப் படி. பாரீஸும் ஒரு கம்யூன், பத்துப் பன்னிரண்டு வீடுகள் உள்ள மலைக்கிராமமும் ஒரு கம்யூன். 1789 புரட்சியின் கையோடு உருவாக்கப்பட்ட இந்த ஏற்பாடு இன்றும் பெரிய மாற்றமில்லாமல் நிற்கிறது. கிட்டத்தட்ட 35,000 கம்யூன்கள். நூறு பேருக்குக் குறைவான ஊருக்கும் ஏழு பேர் கொண்ட ஊராட்சி மன்றம், ஒரு மேயர்.

ஒவ்வொரு கம்யூனுக்கும் ஐந்து இலக்கக் குறியீடு உண்டு. முதல் இரண்டு இலக்கம் மாவட்டம். அதை யாரோ (நான்தான்) எண்ணாகச் சேமித்துவிட்டார்கள். எண்ணுக்கு முன்னால் வரும் பூஜ்ஜியத்துக்கு ஏது மதிப்பு? 01 முதல் 09 வரையிலான மாவட்டங்கள் மொத்தமாகக் காணாமல் போயின. அதைச் சரிசெய்தால் இன்னொரு இடத்தில் பூஜ்ஜியத்தால் வகுத்து நிரல் விழுந்தது. ஆறு கம்யூன்களின் மக்கள்தொகை பூஜ்ஜியம். 1916இல் வெர்தன் போரில் தரைமட்டமான ஊர்கள் அவை. பிரான்ஸுக்காக உயிர்நீத்த ஊர்கள் என்று அவற்றை ஆவணத்திலிருந்து நீக்காமல் வைத்திருக்கிறார்கள். மேயரை அரசு நியமிக்கிறது. பக்கத்து இருக்கை நண்பன் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "ஆளே இல்லாத ஊருக்கு எதுக்குடா மேயர்?" என்னிடம் பதில் இல்லை.

திரும்பி வந்த 09ஆம் மாவட்டத்தை மக்கள்தொகைப்படி வரிசைப்படுத்திப் பார்த்தேன். 09 என்றால் அரியேழ், பிரான்ஸின் தெற்கு ஓரம், பிரனீஸ் மலை. பட்டியலின் அடிப்பகுதியில், இருபது பேரை ஒட்டிய எண்ணிக்கையுடன், எனக்குத் தெரிந்த பெயர் ஒன்று கிடந்தது. மோந்தாயூ. கல்லூரி முடித்த புதிதில் பழைய புத்தகக் கடையில் வாங்கி, நாவல் போல மூன்று நாளில் வாசித்து, கிடைத்தவர்களிடமெல்லாம் வாசிக்கச் சொன்ன ஒரு வரலாற்று நூலின் தலைப்பு அது. அன்றிரவு அலமாரியிலிருந்து அதை எடுத்தேன். இந்தக் கட்டுரை அந்த இரண்டாம் வாசிப்பைப் பற்றியது. முதல் வாசிப்பில் நான் எதைக் கவனிக்காமல் போனேன் என்பதைப் பற்றியதும்கூட.

எம்மானுவல் லெ ருவா லதூரியின் 'மோந்தாயூ' 1975இல் பாரீஸில் வெளிவந்தது. கடலிலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு கிராமத்தின் 1294 முதல் 1324 வரையிலான முப்பது ஆண்டுகள்தான் நூலின் பொருள். அன்று அங்கே இருநூறு முதல் இருநூற்றைம்பது பேர் இருந்திருப்பார்கள் என்பது அவர் கணக்கு. கொள்ளைநோயும் போரும் கடந்து அந்த நூற்றாண்டு முடியும்போது அதில் பாதிகூட மிஞ்சவில்லை. அரசனோ பெரும்போரோ கதையில் இல்லை. ஆடு மேய்ப்பவர்கள், அடுப்படிப் பெண்கள், ஒரு பாதிரி. இதை ஒரு கல்விப்புல வரலாற்றாசிரியர் எழுதி லட்சக்கணக்கில் விற்றது என்பதை இன்றைக்கும் பதிப்பாளர்கள் ஆச்சரியமாகச் சொல்வார்கள்.

ஆச்சரியம் இன்னொன்றும் இருக்கிறது. லெ ருவா லதூரி அடிப்படையில் எண்களின் ஆள். 1966இல் வந்த அவருடைய 'லாங்கதோக்கின் விவசாயிகள்' முழுக்க வரிப் பதிவேடுகள், தானிய விலைகள், பிறப்பு இறப்பு வளைகோடுகள். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பிரெஞ்சுக் கிராமப்புற மக்கள்தொகை ஏறியும் சரிந்தும் கடைசியில் ஏறக்குறைய அதே அளவில் நின்றது, அதுதான் வரலாற்றின் அடித்தளம், மற்றதெல்லாம் மேலே ஓடும் நுரை என்பது அவருடைய வாதம். 1968இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில், நாளைய வரலாற்றாசிரியன் ப்ரோக்ராமராக இருப்பான், இல்லையென்றால் அவன் இருக்கவே மாட்டான் என்கிற தோரணையில் எழுதினார். ஒரு ப்ரோக்ராமராக இதை வாசித்துச் சிரித்தேன். ஏனென்றால் சொன்ன ஏழே ஆண்டுகளில், எந்தக் கணினியும் தேவைப்படாத, வளைகோடே இல்லாத புத்தகத்தால்தான் அவர் உலகப் புகழ் பெற்றார். ஒருவர் தன் கொள்கைக்கு மாறாகத் தன் மிகச் சிறந்த புத்தகத்தை எழுதிவிடுவது இலக்கியத்தில் நடப்பதுதான். வரலாற்றுத் துறையிலும் நடக்கிறது.

எண்களின் ஆளை மனிதர்களின் பக்கம் இழுத்தது ஒரு கையெழுத்துப் பிரதி. வத்திக்கான் நூலகத்தில் உள்ள லத்தீன் தொகுதி, எண் 4030. அதன் பின்கதை சுருக்கமாக இது. தெற்குப் பிரான்ஸில் கதார்கள் என்றொரு கிறிஸ்தவ மறுப்புப் பிரிவு இருந்தது (வளைகுடா நாட்டோடு சம்பந்தமில்லை). இந்தப் பருவுலகம் தீய சக்தியின் படைப்பு, நல்ல கடவுளுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நம்பியவர்கள். அவர்களுடைய துறவிகள் இறைச்சி, முட்டை, பாலாடைக்கட்டி தொடமாட்டார்கள். சாதாரண விசுவாசி எப்படியும் வாழ்ந்துகொள்ளலாம்; சாகும் தறுவாயில் துறவி கை வைத்து ஆசி தந்தால் மீட்பு. 1208இல் போப் அவர்கள்மேல் சிலுவைப்போர் அறிவித்தார். 1244இல் மோன்செகூர் கோட்டை விழுந்தபோது இருநூறுக்கும் மேற்பட்டவர்களை ஒரே நாளில் எரித்தார்கள். அதற்குப் பிறகும் மலைக்கிராமங்களில் அணையாமல் கொஞ்சம் கனல் இருந்தது. அதில் ஒன்று மோந்தாயூ. 1308இல் கார்க்கசோனின் விசாரணை அதிகாரி, குழந்தைகள் நீங்கலாக ஊரையே மொத்தமாகக் கைது செய்தார். பத்தாண்டு கழித்து பாமியேவின் பிஷப் ழாக் ஃபூர்னியே தன் விசாரணையைத் தொடங்கினார்.

இந்த ஃபூர்னியே அபாரமான விசாரணையாளர். 1318க்கும் 1325க்கும் இடையில் 370 நாட்கள் அமர்வு, 578 விசாரணைகள். சித்திரவதையை ஏறக்குறைய அவர் பயன்படுத்தவில்லை. அது அவசியப்படவில்லை என்பதுதான் சரி. சிறை இருந்தது, மஞ்சள் சிலுவையைச் சட்டையில் தைத்துக்கொண்டு அலையவைக்கும் தண்டனை இருந்தது, கடைசியில் கழுமரத்தில் கட்டி எரிக்கும் தண்டனையும் இருந்தது. நிறைய நேரமும் இருந்தது. அவர் கேள்வி கேட்டுக்கொண்டே போவார். யார் வீட்டில், எந்த அறையில், யார் யார் இருந்தார்கள், அடுப்பு எரிந்துகொண்டிருந்ததா, கதவு திறந்திருந்ததா, அவர் என்ன சொன்னார், நீ என்ன சொன்னாய். லெ ருவா லதூரி அவரைத் துப்பறியும் நாவல்களின் மெக்ரேயோடு ஒப்பிடுகிறார். பின்னாளில் பன்னிரண்டாம் பெனடிக்ட் என்ற பெயரில் அவிஞோனிலிருந்து ஆண்ட போப் இவர்தான். போகும் இடமெல்லாம் இந்தப் பதிவேட்டையும் கொண்டுபோனதால்தான் அது தப்பியது. பேசியவர்கள் ஆக்சிதான் மொழியில் பேசினார்கள். எழுத்தர் லத்தீனில் குறிப்பெடுத்தார். பிறகு அதை அவர்களுக்கு அவர்கள் மொழியில் வாசித்துக் காட்டி, திருத்தி, தோலில் நகலெடுத்தார்கள். 1965இல் ழான் துவெர்னுவா அதை மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தார். அந்தப் பதிப்பு இல்லாமல் 'மோந்தாயூ' இல்லை.

இந்தச் சட்டகத்துக்குள்ளிருந்து லெ ருவா லதூரி எடுத்துக் காட்டுகிற வாழ்க்கை இருக்கிறதே, அதை இப்போது வாசித்தாலும் கிறுகிறுக்கிறது. வெயிலில் உட்கார்ந்து ஒருவர் தலையில் ஒருவர் பேன் பார்க்கிறார்கள். பேன் பார்ப்பது அங்கே ஓர் உறவுமுறை. காதலி காதலனுக்குப் பார்ப்பாள், வேலைக்காரி எஜமானிக்குப் பார்ப்பாள், பார்க்கும்போதே ஊரின் சமயச் சர்ச்சை முழுக்க நடக்கும். க்ளெர்க் குடும்பத்தின் மூத்தவர் இறந்தபோது அவருடைய நெற்றிமுடியிலும் நகத்திலும் கொஞ்சம் வெட்டி எடுத்து வீட்டுக்குள் வைக்கிறார்கள், வீட்டின் அதிர்ஷ்டம் பிணத்தோடு வெளியேறிவிடக் கூடாது என்று. 'ஒஸ்தால்' என்ற சொல் நூல் முழுக்க வருகிறது. கட்டடம், அதிலுள்ளவர்கள், அவர்களுடைய மானம், சொத்து, அதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்தது. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இதை விளக்கப் பக்கம் பக்கமாகத் தேவைப்படுகிறது. நமக்கு 'பெரிய வீடு', 'அந்த வீட்டு ஆளுங்க' என்று சொன்னால் பாதி புரிந்துவிடும்.

பாதிரி பியர் க்ளெர்க்கை எந்த நாவலாசிரியனும் பொறாமையோடுதான் பார்ப்பான். கத்தோலிக்கப் பூசை செய்துகொண்டே உள்ளுக்குள் கதார். தம்பி பெர்னார் ஊரின் மணியக்காரர். வரி, நீதி, மதம் மூன்றும் ஒரே வீட்டுக்குள். ஊரில் பல பெண்களோடு உறவு, அதில் ஒருத்தி கோட்டைத் தலைவரின் விதவை பெயாட்ரீஸ். அதே சமயம் கார்க்கசோன் விசாரணை அதிகாரிகளுக்கு ஊர்க்காரர்களைக் காட்டிக்கொடுக்கும் உளவாளி. ஆனால் தன் எதிரிகளை மட்டுமே காட்டிக்கொடுப்பார். அவரை எதிர்த்துப் பேசிய மோர்ஸ் குடும்பத்துப் பெண்ணின் நாக்கை அறுக்கவைத்தார் என்று பதிவேடு சொல்கிறது.

முதல் வாசிப்பில் இதையெல்லாம் நான் ஒரு பெரிய ருசியோடு வாசித்தேன். இரண்டாம் வாசிப்பில் ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தது. பியர் க்ளெர்க்கின் வாக்குமூலம் எங்கே?

இல்லை. அவர் சிறையில் இறந்தார். ஃபூர்னியேவின் பதிவேட்டில் அவர் சொன்னதாக ஒரு பக்கமும் இல்லை. நூலின் மிக உயிருள்ள பாத்திரம் தன் வாயால் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் அவரால் படுக்கைக்கு அழைக்கப்பட்டவர்களும், காட்டிக்கொடுக்கப்பட்டவர்களும், அவர் வீட்டைக் கண்டு அஞ்சியவர்களும் பிஷப் முன்னால் நின்று சொன்னது. பெயாட்ரீஸ் கைதானபோது அவள் பையிலிருந்து பேரப்பிள்ளைகளின் தொப்புள்கொடியும், மகளின் முதல் மாதவிலக்குத் துணியும் கிடைத்தன. இது சூனியமா என்று பிஷப் கேட்கிறார். அவள் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்கிறாள். இந்த நிலையில் இருக்கும் பெண் தன் பழைய காதலனைப் பற்றிச் சொல்வதை 'காதல் பற்றிய மோந்தாயூவின் மனப்பாங்கு' என்று ஒரு அத்தியாயத்துக்கு ஆதாரமாக்கினால் என்ன அர்த்தம்? அவள் பொய் சொன்னாள் என்று நான் சொல்லவில்லை. தன் குற்றத்தின் எடையை இன்னொருவர் தோளுக்கு மாற்ற வேண்டிய கட்டாயம் அவளுக்கு இருந்தது. செத்தவர் தோள் எப்போதும் வசதியானது.

எங்கள் தொழிலில் இது அன்றாடப் பாடம். சர்வர் பதிவுகளைப் பார்த்து ஒரு சிஸ்டத்தில் என்ன நடந்தது என்று முடிவு கட்டுவோம். ஆனால் பதிவில் வருவது, பதிவெழுதும் நிரலை எழுதியவன் எதையெல்லாம் பதிய வேண்டும் என்று நினைத்தானோ அது மட்டும்தான். பிழைகளை மட்டும் பதியும் ஒரு சிஸ்டத்தின் பதிவேட்டைப் படித்தால், அந்த சிஸ்டம் இருபத்துநாலு மணி நேரமும் பிழை மட்டுமே செய்துகொண்டிருந்தது போலத் தோன்றும். ஃபூர்னியே பதிந்தது மறுப்புச் சமயத்தை. அதனால் புத்தகத்து மோந்தாயூவில் ஆன்மாவைப் பற்றிப் பேசாமல் யாரும் கீரை ஆய்வதில்லை.

இந்த விமர்சனம் என்னுடைய கண்டுபிடிப்பு அல்ல. மானுடவியலாளர் ரெனாட்டோ ரொசால்டோ 1986இல் எழுதிய கட்டுரை ஒன்றில், லெ ருவா லதூரி முன்னுரையில் விசாரணை அதிகாரியை ஒப்புக்கொண்டுவிட்டு, அடுத்த அத்தியாயத்திலிருந்து அவரைச் சத்தமில்லாமல் அறையை விட்டு வெளியே அனுப்பிவிடுகிறார் என்கிற ரீதியில் வாதிட்டார். நட்டலி ஸீமன் டேவிஸ் சாட்சிகளைக் கதைசொல்லிகளாகப் பார்த்தார். லெனர்ட் பாயில் லத்தீன் மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழைகளைக் காட்டினார். இவற்றையெல்லாம் வாசித்தபின் 'அப்போ புத்தகத்தைத் தூக்கிப் போட்டுறலாமா' என்று ஒரு கட்டத்தில் தோன்றியது. போட முடியவில்லை. ரொசால்டோ சொல்வது சரி, ஆனால் அவர் சொல்வதோடு நிறுத்திக்கொண்டால் அந்த மனிதர்கள் இரண்டாவது முறையாகச் சிறைக்குப் போகிறார்கள். பிஷப்பின் கைரேகை எல்லாப் பக்கத்திலும் இருக்கிறது என்பதற்காக, அந்தப் பக்கங்களில் வேறு யாரும் இல்லை என்று ஆகிவிடாது.

ஓர் உதாரணம். மோந்தாயூவுக்கு வெளியே ஆர்க் என்ற ஊர். (இது நூலின் இன்னொரு பழக்கம், ஊரில் ஆதாரம் போதாதபோது பக்கத்து ஊர்களிலிருந்து தாராளமாகக் கடன் வாங்கிக்கொள்கிறார். பதிவேட்டில் சிக்கிய மோந்தாயூக்காரர்கள் இருபத்தைந்து பேர்தான், ஊரில் பத்தில் ஒருவர்.) அங்கே ஒரு தம்பதிக்கு ஒரு வயது நிறையாத பெண்குழந்தை, ழாக்கோத். குழந்தை சாகக் கிடக்கிறது. கதார் துறவி ஒருவர் வந்து அதற்கு இறுதி ஆசி தருகிறார். விவரம் அறியாத குழந்தைக்குத் தருவது அவர்களுடைய விதிக்கே முரண். ஆசி பெற்றபின் குழந்தைக்குப் பால் தரக் கூடாது. தராமல் விட்டால் அது தேவதையாகிவிடும். தகப்பனுக்கு மகிழ்ச்சி. துறவியும் கணவனும் வெளியே போனதும் தாய் சிபில் குழந்தையை எடுத்து மார்பில் போட்டுக்கொள்கிறாள். கணவன் திரும்பி வந்து விஷயம் அறிந்து குமுறுகிறான். நெடுநாள் அவளிடமும் குழந்தையிடமும் அவன் பாசம் காட்டவில்லை. குழந்தை அதன்பின் ஓராண்டு உயிரோடிருந்து இறந்தது.

இதை சிபிலே பிஷப்பிடம் சொல்கிறாள். அவளுக்கு இதில் சாதகம் இருந்தது என்று வாதிடலாம்: நான் அவர்கள் விதியை மீறினேன், ஆகவே நான் நல்ல கத்தோலிக்கப் பெண். சரி. ஆனால் அந்த வாதத்துக்குத் தேவையானதைவிட அதிகம் இங்கே இருக்கிறது. கணவன் தன்னிடம் எத்தனை நாள் முகம் கொடுக்கவில்லை என்பது பிஷப்புக்கு எதற்கு? பிஷப் அதைக் கேட்டிருக்கவும் மாட்டார். அவள் சொல்லியிருக்கிறாள், எழுத்தர் எழுதியிருக்கிறார். குழந்தைகள்மீதான பாசம் நவீன காலத்தில் உருவானது என்கிற ஃபிலிப் அரியேஸின் பிரபலமான கருத்துக்கு எதிராக லெ ருவா லதூரி இதைப் பயன்படுத்துகிறார். அந்த வாதம் சரியாகவே இருக்கட்டும். ஆனால் வாதத்துக்கு உதவியதும் அவர் அடுத்த சான்றுக்கு ஓடிவிடுகிறார். இந்த ஓர் இரவில் இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அவருடைய அட்டை அடுக்கும் புத்தி, 'வீடு', 'மேய்ப்பன்', 'சைகை', 'காதல்', 'மரணம்' என்று தலைப்புவாரியாக மனிதர்களை வெட்டி ஒட்டுகிறது. ஒரே ஆள் நாற்பது பக்கத்துக்கு ஒருமுறை நான்கு வரிக்கு வந்து போகிறார். பழைய எண்களின் ஆள் முழுக்க மாறிவிடவில்லை என்று நான் நினைப்பது இங்கேதான். அதே கதையை ரெனே வைஸ் 2000இல் 'மஞ்சள் சிலுவை' என்ற நூலில் காலவரிசைப்படி, வீடு வீடாகச் சொன்னார். அதில் லெ ருவா லதூரியின் துள்ளல் கிடையாது. ஆனால் யார் யாரைக் காட்டிக்கொடுத்தார்கள், எந்த மாதம், ஏன் என்பது முதல்முறையாகப் புரிகிறது.

காட்டிக்கொடுத்தலைப் பற்றிச் சொல்லும்போது அர்னோ சீக்ரைச் சொல்லாமல் விட முடியாது. இவன் அம்மா கதார் என்று எரிக்கப்பட்டாள், அவளுடைய ஒஸ்தால் பறிமுதலானது. அந்த வீட்டைத் திரும்பப் பெறுவதற்காக இவன் பிஷப்பின் ஒற்றனாகிறான். கட்டலோனியாவில் ஒளிந்திருந்த கடைசிக் கதார் துறவி பெலிபாஸ்த்தைக் கண்டுபிடித்து, சீடனாக நடித்துக் கூடவே இருந்து, ஆசைகாட்டி எல்லைக்கு அழைத்துவந்து பிடித்துக்கொடுக்கிறான். 1321இல் பெலிபாஸ்த் எரிக்கப்பட்டார். பெலிபாஸ்த் அடுப்பங்கரையில் உட்கார்ந்து சொன்ன கதைகளும் பிரசங்கங்களும் நமக்கு இவ்வளவு விரிவாகக் கிடைத்ததற்கு முக்கியக் காரணம் சீக்ரின் வாக்குமூலம். ஒரு மதத்தின் கடைசிக் குரலைக் கேட்டு நினைவில் வைத்துக்கொண்டவன் அதைக் கொன்றவன். நல்ல ஞாபகசக்திக்குக் கூலியும் உண்டு. லெ ருவா லதூரி இதைச் சொல்கிறார், ஆனால் இதன் பயங்கரத்தைத் தன் முறையியலுக்குள் வர விடுவதில்லை.

நம்மைப் போலப் பிரெஞ்சு தெரியாதவர்களுக்கு இன்னொரு படியும் உண்டு. பார்பரா பிரேயின் 1978 ஆங்கில மொழிபெயர்ப்பு நன்றாக ஓடுகிறது, காரணம் அது கணிசமாகச் சுருக்கப்பட்டது. ஆக்சிதானிலிருந்து லத்தீன், லத்தீனிலிருந்து பிரெஞ்சு, பிரெஞ்சிலிருந்து சுருக்கமான ஆங்கிலம், அதிலிருந்து என் மண்டைக்குள் தமிழ். மூலத்தின் துணைத்தலைப்பு 'ஆக்சிதானிய கிராமம்' என்கிறது. லண்டன் பதிப்பில் அது 'ஒரு பிரெஞ்சுக் கிராமம்' என்று மாறியிருக்கிறது. விற்பனைக்காகச் செய்த சின்ன மாற்றம்தான். ஆனால் அந்த மக்களுடைய மொழி பிரெஞ்சு அல்ல. மொழியை வைத்து மனிதர்களை அளக்கும் ஒரு நூலின் அட்டையிலேயே மொழி காணாமல் போயிருக்கிறது, என் அட்டவணையில் 09 காணாமல் போனது போல.

எனக்குப் பிடித்தவன் மேய்ப்பன் பியர் மோரி. லெ ருவா லதூரிக்கும் அவன்தான் செல்லம், அதை அவர் மறைப்பதில்லை. கோடையில் மலை, குளிரில் கட்டலோனியச் சமவெளி, சொத்து என்பது தோளில் சுமக்க முடிந்த அளவு, ஊரெங்கும் நண்பர்கள். பெலிபாஸ்த் தன்னோடு வாழ்ந்த பெண் கர்ப்பமானதும், துறவி என்ற பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அவளை இவனுக்கு மணம்செய்து வைத்துவிட்டு, சில நாளிலேயே அந்த மணத்தை ரத்தும் செய்கிறார். எல்லோருக்கும் விஷயம் புரிந்திருந்தது. மோரிக்கும் புரியாமலிருக்க வாய்ப்பில்லை. அவன் சண்டை போடவில்லை, நட்பை முறிக்கவும் இல்லை. இதை நூல் மேய்ப்பனின் பெருந்தன்மையாக, சுதந்திர மனநிலையாகக் கொண்டாடுகிறது. முதல் வாசிப்பில் நானும் கொண்டாடினேன். இப்போது அப்படிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. பிஷப் முன்னால் நின்றுகொண்டு, எரிக்கப்பட்டுவிட்ட நண்பனைப் பற்றிப் பேசும் ஒருவன், தன் மனவருத்தத்தை அங்கே கொட்டுவானா? வருத்தம் இருந்திருக்கலாம், சொல்லாமல் விட்டிருக்கலாம். 1324 ஆகஸ்டில் அவனுக்குச் சிறைத்தண்டனை விதித்தார்கள். அதற்குப் பின் அவனைப் பற்றிப் பதிவேட்டில் எதுவும் இல்லை. எத்தனை வருடம் உள்ளே இருந்தான், வெளியே வந்தானா, ஆடுகள் யாரிடம் போயின, எதுவும் இல்லை.

லெ ருவா லதூரி 2023 நவம்பரில் இறந்தார். செய்தியைப் பார்த்த அன்று பழைய அட்டவணையைத் திறந்து மோந்தாயூவைத் தேடினேன். கணக்கெடுப்பு ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் அந்த அளவு ஊருக்கு வரும். எண் இருபதை ஒட்டியேதான் இருந்தது. பக்கத்து இருக்கை நண்பன் இப்போது வேறு கம்பெனியில். புத்தகத்தை அவனுக்குக் கொடுத்து ஆறு மாதமாகிறது. பாதிரி வரும் அத்தியாயம் வரைக்கும் வந்துவிட்டதாகவும், "செம ஆளுடா அந்த பாதிரி" என்றும் போன வாரம் செய்தி அனுப்பியிருந்தான். முன்னுரையைப் படிச்சியா என்று கேட்டேன். அதைத் தாண்டிவிட்டானாம்.